தட்டை கெடாமல் பாயும் தகடு

அலுமினியத் தகடு ஒன்று. கனம் 25 மைக்ரான். ஏறத்தாழத் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து லேசர் துடிப்பு ஒன்றைச் செலுத்தினால், ஒளி பட்ட வட்டம் மட்டும் பிய்த்துக்கொண்டு நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். சாதாரண ரைஃபிள் குண்டு நொடிக்கு 1 கிலோமீட்டரைத் தொடுவதே அபூர்வம். இப்படிப் பாயும் தகட்டை ஆய்வுக்கூடங்களில் ஃப்ளையர் என்போம். ஃப்ளையருக்கான டார்கெட், அதாவது தகடு ஒட்டிய கண்ணாடிப் பலகை, செய்வதுதான் நான் கற்ற தொழில். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிக்காலம் முழுக்க அதைச் செய்தேன். ஓய்வு பெற்றபின் கோவை போத்தனூரில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையைத் தூசி புகாமல் அடைத்து, கேட்டு வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இன்றும் செய்து தருகிறேன்.

தொழிலைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். லேசரின் ஆற்றலைக் கூட்டினால் வேகம் கூடும். அதில் பெரிய சூட்சுமம் கிடையாது. கிழியாமல், உருகாமல், வளையாமல், கிளம்பிய தட்டையோடு தகடு போய் மோதவேண்டும். அங்கேதான் கஷ்டம் முழுதும் இருக்கிறது. மோதும் முகம் தட்டையாக இருந்தால்தான் எதிரில் உள்ள பொருளின் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தம் விழும். அப்போதுதான் அளந்த கணக்குக்கு அர்த்தம் உண்டு. தட்டை கெட்டால் எத்தனை வேகம் வந்தும் பயனில்லை.

தட்டை என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஊர்தான். போத்தனூர் ரயில்வே ஊர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போட்ட இருப்புப்பாதை 1862இல் முழுமையானது. அந்தப் பாதையில் வந்த நிலையம் இது. தென்னக ரயில்வேயின் சிக்னல் பட்டறையும் இங்கே இருக்கிறது. அப்பா அங்கே ஃபிட்டர். நான் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பழகினேன். பம்ப்புக்கு வேண்டிய மெக்கானிக்கல் சீல் வளையங்களை லேப்பிங் செய்யும் பட்டறை அது. வார்ப்பிரும்புத் தட்டில் உராய்பசையைத் தடவி, வளையத்தை எட்டு போட்டபடி தேய்க்கவேண்டும். தேய்த்து முடித்ததும் கழுவித் துடைத்து, ஆப்டிகல் ஃப்ளாட் கண்ணாடியை மேலே வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்ப்போம். ஒளியும் நிழலுமாகக் கோடுகள் விழும். அவை நேராகவும் சம இடைவெளியிலும் தெரிந்தால் முகம் தட்டை. வளைந்தால் மறுபடி தட்டுக்குப் போகவேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் சோடியம் ஒளியின் அலைநீளத்தில் பாதி, அதாவது 0.3 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு.

அங்கே எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த போர்மேன் அண்ணன் வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டார். என் கை அழுத்துவதைக் கண்டால் மட்டும் சொல்வார்: "கண்ணு, கையோட பாரத்த அதும்மேல ஏத்தாத. ஒரே சீராப் போகோணும். தட்டு தானாத் தின்னுக்கும்." பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது எனக்கு லேசரும் தெரியாது, பிளாஸ்மாவும் தெரியாது. பரப்பைப் படிக்கத் தெரியும். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

இந்தத் தகடு பாய்வது எப்படி என்பதைச் சொல்லவேண்டும். லேசர் துடிப்பு கண்ணாடிக்குள் நுழைந்து, கண்ணாடியும் தகடும் சேரும் இடத்தில் விழுகிறது. தகட்டின் அடிப்பக்கத்தில் மிக மெல்லிய ஓர் அடுக்கு நொடியில் ஆவியாகிப் பிளாஸ்மா ஆகிறது. பின்னால் கண்ணாடி, முன்னால் தகடு. பின்பக்கம் போக வழியில்லாத பிளாஸ்மா தகட்டை முன்னால் தள்ளுகிறது. கண்ணாடி இல்லாமல் திறந்த வெளியில் உலோகத்தைச் சுட்டால் பிளாஸ்மா விரிந்து ஓடிவிடும். தள்ளுவதற்கு வலு மிஞ்சாது. உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் பொருளை மூடி அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டலாம் என்று 1970இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஆண்டர்ஹோம் காட்டினார். அந்த அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சூத்திரத்தை 1990இல் பிரான்சில் ஃபாப்ரோவும் அவர் குழுவினரும் கொடுத்தார்கள். இந்தத் துறையில் யார் கணக்குப் போட்டாலும் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அளவுகளை மனதில் பிடித்துப் பார்ப்பது நல்லது. 1 மில்லிமீட்டர் விட்டமும் 25 மைக்ரான் கனமும் உள்ள அலுமினிய வட்டத்தின் எடை 50 மைக்ரோகிராமைச் சற்றுத் தாண்டும். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமக்கும் ஆற்றல் ஏறத்தாழ 0.1 ஜூல். அரை ஜூல் லேசரைக் கொடுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கினால் போதும். அரை ஜூல் என்பது சின்னக் காசு. ஆனால் அதைச் செலவழிக்கும் நேரம் 10 நானோ நொடி, அதாவது நொடியை 10 கோடி கூறு போட்டதில் ஒரு கூறு. தகடு ஓய்விலிருந்து முழு வேகத்தை எட்ட 20 நானோ நொடி ஆனதென்று வைத்தால், அதற்குக் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 1,000 கோடி மடங்கு. தகட்டின் முதுகில் ஏறும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 50,000 மடங்குக்கும் மேல். அத்தனை பாரத்தையும் அந்த மெல்லிய ஃபாயில் ஒரே சீராக வாங்கவேண்டும்.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கோவைக் கோனியம்மன் தேருக்கு இரண்டு வடங்கள். ஒரு பக்கத்து ஆட்கள் கூடுதலாக இழுத்தால் தேர் முன்னே போகாது, திரும்பும். தகட்டின் முதுகிலும் எந்த இடத்தில் பிளாஸ்மா கூடுதலாகத் தள்ளுகிறதோ அந்த இடம் முந்திக்கொண்டு ஓடும். சுற்றி உள்ள இடம் பின்தங்கும். நடுவில் தகடு கிழியும். கிழிந்த வழியாகப் பிளாஸ்மா வெளியே பீறிட்டால் அந்த ஷாட் அத்தோடு போயிற்று.

ஆகவே டார்கெட் செய்பவன் கவனிக்கவேண்டியவை இரண்டு: ஒளி ஒரே சீராக விழவேண்டும், ஒட்டு ஒரே சீராக இருக்கவேண்டும்.

ஒளியை முதலில் எடுத்துக்கொள்வோம். லேசரிலிருந்து வரும் கற்றை இயல்பிலேயே நடுவில் வலுத்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். அதை அப்படியே விட்டால் தகட்டின் நடு முந்தும். ஆகவே கற்றையைச் சிதறடித்து மறுபடி சேர்த்து, வட்டம் முழுக்க ஒரே பிரகாசமாக ஆக்கும் ஒளியியல் தகடுகளை நடுவில் வைப்போம். சீராயிற்றா என்று கண்ணால் பார்க்க முடியாது. எங்கள் என்டி யாக் லேசரின் அலைநீளம் 1,064 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் புகுந்து விழித்திரையைச் சுட்டுவிடும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் யாரையும் அறைக்குள் விடமாட்டோம். கதவு திறந்தால் லேசர் நிற்கும்படி பூட்டு இணைத்திருக்கும். கற்றையின் தரத்தை முதலில் சோதிப்பதற்கு மளிகைக் கடையில் பில் அடிக்கும் வெப்பத்தாள் போதும். ஆற்றலை வெகுவாகக் குறைத்து ஒரு துடிப்பை அதன்மேல் விட்டால் கருப்பு வட்டம் விழும். அதை லென்சு வைத்துப் பார்ப்பேன். வட்டம் எங்கும் ஒரே கருப்பாக, ஓரம் வெட்டிவிட்டாற்போல் இருக்கவேண்டும். நடுவில் வெளுத்த பொட்டு தெரிந்தால் அங்கே ஒளி மிஞ்சித் தாளையே கருக்கித் தள்ளியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகுதான் கேமராவை வைத்து முறையாக அளப்போம்.

அடுத்தது ஒட்டு. அதுதான் என் கை வேலை. சில மைக்ரான் கனம் போதுமென்றால் வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி நேரே கண்ணாடிமேல் படியவைப்போம். எவ்வளவு படிந்தது என்பதைக் குவார்ட்சு படிகத்தின் அதிர்வெண் சொல்லிவிடும். அலுமினியம் ஒளியைப் பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடும் என்பதால், கண்ணாடியை ஒட்டினாற்போல் கார்பனோ டைட்டானியமோ ஓர் உறிஞ்சும் அடுக்கு. அதன்மேல் வெப்பம் தகட்டுக்குள் ஏறாமல் தடுக்க அலுமினா. அதற்கும்மேல் பாயவேண்டிய அலுமினியம் என்று மூன்று அடுக்காகவும் போடுவதுண்டு. கனம் கூடக்கூட இந்த முறை கைகொடுக்காது. படியும் உலோகம் தூண் தூணாக வளர்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். 25 மைக்ரான், 50 மைக்ரான் வேண்டுமென்றால் உருட்டிய ஃபாயிலை வாங்கி எபாக்ஸியால் ஒட்டுவதே வழி.

எபாக்ஸி தண்ணீர்ப் பதத்தில் இருக்கவேண்டும். இரண்டு பாகத்தையும் கலக்கியபின் வெற்றிடத்தில் வைத்துக் காற்றுக் குமிழியை எல்லாம் வெளியேற்றவேண்டும். கண்ணாடியை முதலில் சோப்பு நீரில், பிறகு அசிட்டோனில், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுவேன். கழுவிய கண்ணாடிமேல் வாயால் மெல்ல ஊதினால் ஆவி ஒரே படலமாகப் படிந்து ஒரே படலமாகவே விலகவேண்டும். எங்காவது திட்டாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம், மறுபடி முதலிலிருந்து கழுவவேண்டும். நடுவில் ஒரு சொட்டு எபாக்ஸி. ஃபாயிலை ஒரு ஓரத்தில் தொடவைத்து, காற்று முன்னால் ஓட வழிவிட்டு, மெதுவாகப் படியவிடவேண்டும். மேலே லேப்பிங் செய்த எஃகுக் கட்டை, அதன்மேல் எடை. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும். அந்தக் கட்டையின் முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவுதான் ஒட்டும் தட்டையாக வரும். குறிச்சியில் எட்டு போட்டுத் தேய்த்த கைக்கு இங்கேதான் வேலை.

மறுநாள் காலை கண்ணாடியைத் திருப்பி நுண்ணோக்கியில் பார்ப்பேன். கண்ணாடிப் பக்கமிருந்து பார்த்தால் ஒட்டு முழுதும் தெரியும். குமிழி இருந்தால் வெள்ளிப் பொட்டாகத் தெரியும். தூசி இருந்தால் அதைச் சுற்றி வளையமாக ஒரு மேடு. ஃபாயிலில் உருட்டிய திசையில் ஓடும் கோடுகளும் தெரியும். குறை உள்ள இடத்தையெல்லாம் பேனாவால் வட்டமிட்டு, அங்கே சுடக்கூடாது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுப்பேன். 50 மில்லிமீட்டர் சதுரப் பலகையில் சில மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு நூற்றுக்கும் மேல் ஷாட் எடுக்கலாம். ஒவ்வொரு ஷாட்டிலும் அந்த இடத்துக் கண்ணாடி நொறுங்கிப்போகும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை கிடையாது. வரைபடம் சரியாக இருந்தால் மாணவருக்கு ஒரு ஷாட்டும் வீணாகாது.

தகட்டுக்கும் மோதவேண்டிய பொருளுக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்குள் ஓர் இடைவெளி விடுவோம். அதற்கு எஃகு ஷிம் தாளில் வெட்டிய ஸ்பேசர் வாஷர். இதை நான் இன்றும் கோவையிலேயே வெட்டி வாங்குகிறேன். பிசிறு இல்லாத ஓரம் வேண்டும் என்று ஒருமுறை விளக்கிச் சொன்னால் போதும், நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் அதை விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

தகடு இந்த இடைவெளியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 100 நானோ நொடி சொச்சம். அதற்குள் வேகத்தை அளந்தாகவேண்டும். நகரும் பரப்பின் வேகத்தை ஒளியின் அலைநீள மாற்றத்தால் அளக்கும் விசார் என்ற கருவியை 1972இல் சாண்டியாவின் பார்க்கரும் ஹாலன்பாக்கும் வெளியிட்டார்கள். நல்ல கருவி; ஆனால் கண்ணாடிகளை வரிசைப்படுத்துவதிலேயே பகல் போய்விடும். 2000களின் நடுவில் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆலிவர் ஸ்ட்ராண்டும் அவர் கூட்டாளிகளும் தொலைபேசித் துறையின் ஒளியிழைகளையும் பாகங்களையும் வைத்தே வேறொரு முறையை நிலைநாட்டினார்கள். அதைப் பி.டி.வி. என்கிறோம். 1,550 நானோமீட்டர் ஒளியைத் தகட்டின்மேல் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் புறப்பட்ட ஒளியோடு கலந்தால் துடிப்பு ஒன்று எழும். நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தத் துடிப்பு 1.29 கிகாஹெர்ட்ஸ். வேகம் இரண்டு மடங்கானால் துடிப்பும் இரண்டு மடங்கு.

பி.டி.வி. வந்தபின் என் தொழிலே தெளிந்தது. அதுவரை தகடு நன்றாகப் பாய்ந்ததா என்பதை மோதிய இடத்தின் தடத்தைப் பார்த்துத்தான் யூகிக்கவேண்டியிருந்தது. இப்போது ஆசிலாஸ்கோப் திரையிலேயே என் ஒட்டின் தரம் எழுதப்பட்டுவிடும். நல்ல தகடென்றால் வேகத்தைக் காட்டும் வரி சுத்தமாக ஏறி, மேலே சமமாக ஓடி, மோதிய கணத்தில் அறுபடும். தகட்டுக்குள் அதிர்ச்சி அலை முன்னும் பின்னும் போய்வரும்போதெல்லாம் வேகம் ஒரு படி ஏறும். 100 மைக்ரான் தகட்டில் அந்தப் படிகளைத் தனித்தனியாக எண்ணலாம். கிழிந்த தகடென்றால் ஒரே நேரத்தில் பல வேகங்கள் கலந்து வரி அகன்று மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்த்ததும் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடுவேன். ஒட்டிலா, ஒளியிலா, எதில் பிழை என்று பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இந்தியாவில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் எச். சி. பந்த் வழிநடத்திய குழு லேசரால் மெல்லிய தகடுகளை உந்துவதையும் அதில் எழும் அதிர்ச்சி அலைகளையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. இந்தூரில் 1984இல் தொடங்கி இன்று ராஜா ராமண்ணா பெயர் தாங்கி நிற்கும் மையம் லேசர்களை நம் நாட்டிலேயே உருவாக்கியது. 2005இல் வீரேன் மெனேசஸ், ஜப்பானின் தாகாயாமா, ஓக்கி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜகதீஷ் கோபாலன் ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அலுமினிய ஃபாயிலின் ஒரு முகத்தை லேசரால் உந்தி, மறுமுகத்தில் தடவிய நுண்துகள்களை வேகமாகத் தெறிக்கவைத்து, ஊசி இல்லாமலே மென்திசுவுக்குள் மருந்தைச் செலுத்த இது வழியாகுமா என்று பார்த்தார்கள். குண்டு வேகத்தில் ஓடும் உலோகத்தை வைத்து நோயாளிக்கு வலி குறைக்க நினைத்த மனிதர்கள் இவர்கள். வேலூர் வி.ஐ.டி.யில் கலைநாதன் குழு, குறைந்த ஆற்றல் லேசரைக்கொண்டே உலோகப் பரப்பை அதிர்ச்சியால் உறுதியாக்கும் லேசர் பீனிங்கைச் செய்து காட்டியது.

வெளிநாட்டில் இதை எளிமையாக்கிய பெருமை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டானா டிலாட் குழுவுக்கு உண்டு. 2012இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் விலையுயர்ந்த பல அடுக்குப் பூச்சுகளை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் அலுமினிய ஃபாயிலைக் கண்ணாடியில் எபாக்ஸியால் ஒட்டியே நல்ல ஃப்ளையர் செய்யலாம் என்று காட்டினார்கள். சீரான ஒட்டு, சீரான ஒளி, இவ்விரண்டும் இருந்தால் மேசைமேல் வைத்தே அதிர்ச்சி அலை ஆய்வு செய்ய முடியும் என்று ஆனது. இதே ஆய்வுக்குப் பயன்படும் பெரிய வாயுத் துப்பாக்கிக்குக் கட்டடமே வேண்டும். இதற்கு ஓர் அறை போதும்.

குறிச்சியில் வாஷர் வெட்டித் தரும் பட்டறை முதலாளி ஒருநாள் கேட்டார்: "ஏனுங்ண்ணா, இத்தனை பாடுபட்டு இத்துனூண்டு தகட்ட ஓடவிடறீங்களே, இதுல நம்ம ஊருக்கு என்னங்ண்ணா கெடைக்கும்?"

கேட்கவேண்டிய கேள்விதான். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இரண்டு அலுமினியத் தகடுகள் நொடிக்கு 2 கிலோமீட்டரில் மோதினால் 18 கிகாபாஸ்கல் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,80,000 மடங்கு, சில நானோ நொடி நிற்கும். அந்தச் சில நானோ நொடியில் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால், செயற்கைக்கோளின்மேல் குப்பைத்துகள் மோதும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லலாம். தாழ்ந்த புவிச்சுற்றுப்பாதையில் அத்தகைய மோதல் சராசரியாக நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். ஒரு பூச்சு அதன் அடிப்பொருளோடு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பதையும் இதே அதிர்ச்சியால் அளக்கலாம். ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் கிளென் டேன் போன்றோர் வளர்த்த லேசர் மோதல் பற்றவைப்பில், செம்புத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் உருக்காமலே இணைக்கிறார்கள். தகடு சாய்வாகப் போய் மோதும்போது இரு பரப்பின் ஆக்சைடு அழுக்கும் பீறிட்டு வெளியேறி, சுத்த உலோகம் சுத்த உலோகத்தோடு சேர்ந்துகொள்கிறது. செம்பையும் அலுமினியத்தையும் சூடாக்கிப் பற்றவைத்தால் நடுவில் நொறுங்கும் கலவை உண்டாகும் என்பது மோட்டார் செய்யும் நம் ஊர்க்காரர்கள் அறிந்ததே. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும் அவர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பதும், 1951இல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், பம்ப்பும் மோட்டாரும் செய்யும் இந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பொறியாளர்களைத் தந்திருக்கின்றன. லேத்தும் வார்ப்பும் கற்றுத்தருவதுபோல் வெற்றிடப் பூச்சும், கண்ணாடி மெருகும், மெல்லிய ஒட்டும் இங்கே கைத்தொழிலாகக் கற்றுத்தரப்படவேண்டும் என்பது என் ஆசை. நாட்டில் பல ஆய்வுக்கூடங்களுக்கு லேசர் வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. அதற்கு டார்கெட் செய்து தரும் கை கிடைப்பதில்லை. ஆராய்ச்சி மாணவரே இரவு உட்கார்ந்து ஃபாயில் ஒட்டுகிறார். அவர் பட்டம் வாங்கிப் போனதும் கற்ற கையும் கூடவே போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதலில் லேசரைக் காட்டுவதில்லை. ஒரு வளையத்தைக் கொடுத்து லேப்பிங் தட்டில் தேய்க்கச் சொல்கிறேன். சோடியம் விளக்கின் கீழ் கோடுகள் நேரானபின் கண்ணாடி கழுவக் கொடுக்கிறேன். அதற்கும் பிறகுதான் எபாக்ஸி. பொறுமையோடு இந்த வரிசையில் வந்தவர்கள் ஒட்டிய டார்கெட்டில் பி.டி.வி. வரி சுத்தமாக வருகிறது. இது இரண்டு மூன்று மாதத்தில் யாருக்கும் கைவரும் வித்தை. பம்ப் சீல் தேய்க்கத் தெரிந்த ஆயிரம் கைகள் குறிச்சியிலும் போத்தனூரிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களில் பத்துப் பேருக்கு வெற்றிட அறையும் நுண்ணோக்கியும் தந்து பழக்கினால், நாட்டின் அதிர்ச்சி அலை ஆய்வுகளுக்கு வேண்டிய டார்கெட்டுகளை இந்த ஊரே செய்து அனுப்ப முடியும். அப்படிப் பழகிக்கொள்ள விரும்பும் யாருக்கும் என் அறைக் கதவு திறந்திருக்கிறது.